இரவில் வரும் நாவாய்ப்பூச்சி



கல்வராயன் மலையடிவாரத்தில் வாழும் ஒரு தாயின் கடிதம் இம்மாதம் நமக்கு வந்தது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு, செய்தியை மட்டும் சொல்கிறோம்.

மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த பழைய வீடு. ஒருநாள் நள்ளிரவில் விளக்கேற்றிய போது, உறங்கிக்கொண்டிருந்த ஏழு வயது மகனின் கன்னத்தருகே, ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள கரிய பூச்சி ஒன்று மெல்ல நகர்ந்து சென்றதாம். விடிந்ததும் பையனின் ஒரு கண்ணிமை வீங்கியிருந்தது. வெளியூரில் படிக்கும் மூத்த மகளிடம் தொலைபேசியில் இதைச் சொல்ல, அவள் கைப்பேசியில் ஒரு படக்காட்சியை அனுப்பி வைத்தாள். அதில் ஏறக்குறைய இதே தோற்றமுள்ள பூச்சி. 'முத்தப் பூச்சி' என்று பெயராம். அது கடித்தால் பத்திருபது ஆண்டுகளில் இதயம் பெருத்து மரணம் உறுதி என்று அந்தக் காட்சியில் ஒரு குரல் சொன்னதாம். பதறிப்போன தந்தை, மக்காச்சோளத்துக்கு அடிப்பதற்கென வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தைத் தெளிப்பானில் ஊற்றி, கட்டில், பாய், தலையணை எல்லாவற்றின் மீதும் தெளித்துவிட்டார். "மூன்று நாளாயிற்று. என் பிள்ளை பிழைப்பானா?" என்று முடிகிறது கடிதம்.

இந்தச் சகோதரிக்கு அன்றே தனியாக மறுமொழி எழுதிவிட்டோம். ஏனெனில் அக்கடிதத்தில் நம்மைத் திடுக்கிடச் செய்தது பூச்சியன்று, மருந்துதான். வயலுக்கு அடிக்கும் நஞ்சு வயலுக்கே உரியது. அது நனைத்த பாயில் இரவு முழுவதும் படுக்கும் குழந்தையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் செல்லும். வாயில் எச்சில் ஊறி வடிதல், கண்மணி சுருங்குதல், மிகுந்த வியர்வை, வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், மருந்துப் புட்டியையும் அதன் மேலுள்ள சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் மாற்று மருந்தைத் தாமதமின்றித் தர இயலும். அறிகுறி எதுவும் இல்லையாயினும் பிள்ளையைச் சவர்க்காரம் இட்டுக் குளிப்பாட்டி, துணிகளைத் தனியே துவைத்து, கட்டிலைக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். கழுவ இயலாத பாயையும் பஞ்சுத் தலையணையையும் அப்புறப்படுத்திவிட வேண்டும். அவற்றை எரிக்கலாகாது, அந்தப் புகையும் நஞ்சே.

இனிப் பூச்சிக்கு வருவோம். இந்த ஒரு குடும்பத்துக்கு வந்த அச்சம் பல குடும்பங்களுக்கும் வந்திருக்கக்கூடும். 2025 செப்டம்பரில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிடும் ஆய்விதழ் ஒன்றில், சாகாஸ் நோய் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் நிலைகொண்ட நோயே என்று கருதத்தக்கது என ஆராய்ச்சியாளர் சிலர் எழுதினர். அந்நாட்டுக்கு அது பொருள் பொதிந்த செய்தி. ஆனால் கடல் கடந்து கைப்பேசிகளில் பரவியபோது, எந்த நாட்டுப் பூச்சி, எந்தக் கிருமி என்ற விவரமெல்லாம் உதிர்ந்துபோய், படமும் பயமும் மட்டுமே மிஞ்சின.

'நாவாய்ப்பூச்சி' என்ற சொல் நம் உழவர்களுக்குப் புதிதன்று. நெற்பயிர் பால் பிடிக்கும் தறுவாயில் கதிரில் அமர்ந்து மணியின் பாலை உறிஞ்சி, வயலெங்கும் துர்நாற்றம் பரப்பும் கதிர் நாவாய்ப்பூச்சியைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் அறியாதார் யார்? மென்று தின்னாமல், ஊசி போன்ற வாயால் குத்தி உறிஞ்சுவதே இந்தப் பேரினத்தின் இயல்பு. கட்டில் சந்துகளில் வாழும் மூட்டைப்பூச்சியும் இதனைச் சேர்ந்ததே. இப்பேரினத்துள் ஒரு பெருங்குடும்பம், பிற பூச்சிகளைக் குத்திக் கொன்று உண்பது. உலகெங்கும் ஏறத்தாழ 7,000 வகைகள் அதில் உண்டு. அக்குடும்பத்தின் ஒரு சிறு கிளை மட்டும், ஏறத்தாழ 150 வகைகள், புழுவை விட்டு இரத்தத்துக்கு மாறிவிட்டது. அந்தக் கிளையைத்தான் முத்தப் பூச்சி என்கின்றனர். உறங்குவோரின் போர்வைக்கு வெளியே தெரிவது முகமே ஆகையால் இதழோரத்திலும் இமையோரத்திலும் கடிக்கிறது; பெயர் வந்த வழி அதுவே. பிரேசில் நாட்டார் இதனை 'நாவிதன்' என்கின்றனர். அந்தப் பெயர் இன்னும் பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது. முத்தம் என்ற நல்ல சொல்லை இதற்குக் கொடுத்திருக்க வேண்டா.

இதன் வாழ்க்கை வியப்புக்குரியது. முட்டையிலிருந்து வெளிவந்தது முதல் முதிர்ச்சி அடையும் வரை ஐந்து இளம் பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் தோலுரித்து வளர இரத்தம் வேண்டும். கொசுவில் பெண் மட்டுமே கடிக்கும். இதில் ஆணும் பெண்ணும் குஞ்சும் எல்லாமே கடிக்கும். ஒரு முறை வயிறு நிரம்பக் குடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். இளம் பூச்சி தன் எடையைப் போல் பன்மடங்கு குடித்துவிடும். பின்னர் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் வல்லது. இளைஞர் சார்லஸ் டார்வின் 1835 மார்ச்சில் அர்ஜென்டினா நாட்டின் மென்டோசா அருகே இத்தகைய பூச்சியின் கடிக்கு ஆளானார். பிறகு பிடிபட்ட பூச்சி ஒன்றை மேசை மீது விட்டு விரலை நீட்டினால், சுற்றிலும் ஆட்கள் இருந்தும் அஞ்சாமல் ஓடி வந்து குடித்ததாகவும், தட்டையாக இருந்த உடல் பத்தே நிமிடத்தில் உருண்டையாகிவிட்டதாகவும், அந்த ஒரு விருந்து அதற்கு நான்கு மாதம் போதுமாயிருந்ததாகவும் அவர் தம் பயணக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

வயிறு நிரம்புவதற்கும் தோலுரிப்பதற்கும் என்ன தொடர்பு என்பதை 1930-களில் விக்கிள்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேய அறிஞர் இப்பூச்சியைக் கொண்டே கண்டறிந்தார். இரத்தம் குடித்த உடனே தலையை வெட்டினால் பூச்சி தோலுரிப்பதில்லை; சில நாள் கழித்து வெட்டினால் தலையில்லாமலே தோலுரிக்கிறது. வயிறு விரிந்த செய்தி மூளைக்குச் சென்று, அங்கிருந்து ஒரு சுரப்புநீர் உடலெங்கும் பரவுகிறது என்பது இதனால் விளங்கிற்று. பூச்சிகளின் வளர்ச்சியைப் பற்றிய இன்றைய அறிவில் பெரும்பகுதி இந்த இரத்தக்குடியனிடமிருந்து கற்றதே.

மூட்டைப்பூச்சியைப் போலவே இதுவும் பகலில் வெளிவராது. மண்சுவர் வெடிப்பு, கூரைப் புல்லின் மடிப்பு, சுவரில் தொங்கும் படத்தின் பின்புறம், விறகு அடுக்கு, கோழிக்கூடு, எலி வளை ஆகியவை இதன் இருப்பிடங்கள். இருட்டியதும் உறங்கும் உயிரின் உடற்சூட்டையும் மூச்சுக்காற்றையும் அறிந்து வரும். கடி வலிப்பதில்லை. வலித்தால் உறங்குபவர் விழித்துக்கொள்வாரே. ஆகவே அதன் எச்சிலில் மரத்துப்போகச் செய்யும் பொருளும், இரத்தம் உறையாமல் காக்கும் பொருளும் உள்ளன.

அப்படியானால் நோய் எங்கிருந்து வருகிறது? அதற்குப் பிரேசில் நாட்டின் லசான்ஸ் என்னும் சிற்றூருக்குச் செல்ல வேண்டும். புதிய இருப்புப் பாதை போடும் தொழிலாளரிடையே மலேரியா பரவியதால், கார்லோஸ் சாகாஸ் என்ற இளம் மருத்துவர் 1907-இல் அங்கே அனுப்பப்பட்டார். இரயில் பெட்டி ஒன்றே அவருக்கு வீடும் ஆய்வுக்கூடமும். ஏழைகளின் மண்குடிசைகளில் மலிந்து கிடந்த 'நாவித'ப் பூச்சியைப் பற்றி இருப்புப் பாதைப் பொறியாளர் ஒருவர் அவரிடம் கூறினார். சாகாஸ் அதன் குடலைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, சாட்டை போன்ற வால் கொண்ட ஓர் ஒட்டுண்ணி நெளிவதைக் கண்டார். தம் ஆசிரியர் ஒசுவால்டோ குரூஸின் நினைவாக அதற்கு டிரிபனோசோமா குரூசி என்று பெயரிட்டார். 1909 ஏப்ரல் 14 அன்று, காய்ச்சலில் கிடந்த பெரெனிசே என்ற இரண்டு வயதுச் சிறுமியின் இரத்தத்திலும் அதே ஒட்டுண்ணியைக் கண்டார். நோயாளியிடமிருந்து கிருமியைத் தேடிச் செல்வதே வழக்கம். இவரோ முதலில் பூச்சியையும், அடுத்துக் கிருமியையும், இறுதியில் நோயையும் கண்டார்.

இக்கிருமி பூச்சியின் கடியில் இல்லை. அதன் கழிவில் உள்ளது. வயிறு நிரம்பக் குடித்த பூச்சி அங்கேயே கழிந்துவிடுகிறது. அரிப்பெடுத்த இடத்தை உறக்கத்தில் சொறியும்போது, அந்தக் கழிவு கடிவாய்க்குள்ளோ கண்ணுக்குள்ளோ போய்ச் சேர்கிறது. ஆகவே குடித்துக்கொண்டிருக்கும்போதே கழியும் வகைகள் நோயை நன்கு பரப்பும். விலகிச் சென்ற பிறகு கழியும் வகைகள் அவ்வளவாகப் பரப்புவதில்லை. கண் வழியே கிருமி நுழைந்தால் ஒரு பக்க இமை மட்டும் வீங்கும். படக்காட்சியைப் பார்த்த மகள் தம்பியின் வீங்கிய இமையைக் கேட்டு நடுங்கியதற்குக் காரணம் இதுவே.

பூச்சியன்றி வேறு வழிகளும் உண்டு. நோயுற்ற தாயிடமிருந்து கருவிலுள்ள பிள்ளைக்கும், ஆய்வு செய்யாத இரத்தத்தைச் செலுத்துவதாலும், உறுப்பு மாற்றத்தாலும் இது பரவும். உணவு வழியாகவும் பரவும். 2005-இல் பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் சாலையோரக் கடையில் கரும்புச்சாறு குடித்த பலர் இந்நோய்க்கு ஆளாயினர், சிலர் இறந்தனர். கரும்போடு சேர்ந்து பூச்சியும் ஆலையில் அரைபட்டதே அதற்குக் காரணம் எனப்பட்டது. இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும், வழியெல்லாம் கரும்புச்சாற்று வண்டிகளும் உள்ள மாவட்டத்தார் நாம். அச்சத்துக்காக இதைச் சொல்லவில்லை, அந்தக் கிருமி நம் கரும்பில் இல்லை. ஆயினும் கரும்பைக் கழுவி அரைக்கும் கடையில் குடிப்பது எந்நாளும் நல்லது.

'மரணம் உறுதி' என்று அந்தக் குரல் சொன்னது அமெரிக்கக் கண்டத்தில் கூட உண்மையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உடலில் இக்கிருமி உள்ளது. ஆண்டுதோறும் 10,000 பேருக்கு மேல் இறக்கின்றனர். கிருமி புகுந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குப் பல்லாண்டு கழித்து இதயம் பழுதடைகிறது. பத்தில் ஒருவர் வரை உணவுக்குழாயோ பெருங்குடலோ விரிந்து துன்புறுகின்றனர். மற்றவர்கள் அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். சாகாஸ் கண்ட முதற் சிறுமி பெரெனிசே எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தார். முதுமையிலும் அவர் இரத்தத்தில் அக்கிருமி இருந்தது. பென்ஸ்நிடசோல், நிபுர்டிமோக்ஸ் என்ற இரு மருந்துகள் உள்ளன. கிருமி புகுந்த தொடக்கத்தில் கொடுத்தால், பெரும்பாலோர்க்கு நோய் முற்றும் நீங்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். முத்தப் பூச்சிகளுள் அறிவியல் முறையில் முதன்முதல் விவரிக்கப்பட்ட வகை நம்மிடம் உள்ள வகையே! 1773-இல் தே கீர் என்ற சுவீடன் அறிஞர் விவரித்த இதன் இன்றைய பெயர் டிரையடோமா ரூப்ரோபாசியேட்டா. ஏறத்தாழ ஓர் அங்குல நீளம், கரும்பழுப்பு நிறம், வயிற்றின் இருபுறமும் செம்மஞ்சள் கரை. வீட்டெலியோடு ஒட்டி வாழ்வதால், எலி ஏறிய கப்பல்களிலெல்லாம் இதுவும் ஏறி உலகத் துறைமுகங்கள் பலவற்றுக்குப் பரவிவிட்டது.

1909-இல் சாகாஸ் பிரேசிலில் பூச்சியை ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டில், நம் சென்னையிலும் ஒரு மருத்துவர் இந்தச் செங்கரைப் பூச்சியின் குடலை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சார்லஸ் டோனவன். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். சென்னை மருத்துவக் கல்லூரி ஆசிரியர். காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் கிருமியை 1903-இல் கண்டவர்களுள் ஒருவர். அக்கிருமியின் பெயரிலேயே அவர் பெயர் உள்ளது. அந்நோயைப் பரப்புவது இப்பூச்சியோ என்று அவருக்கு ஐயம். பார்த்தபோது, இதன் குடலிலும் சாட்டைவால் ஒட்டுண்ணி ஒன்று தென்பட்டது. ஆனால் அது வேறு வகை: எலிக்கும் பூச்சிக்கும் இடையே சுழன்றுகொண்டிருப்பது. டிரிபனோசோமா கனோரைனி என்று இன்று வழங்குவது அதுவே. டோனவனின் ஐயமும் பிழையாயிற்று. காலா அசாரைப் பரப்புவது மணல் ஈ என்பது 1942-இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. ஒரே ஆண்டில், ஒன்றுக்கொன்று உறவான இரு பூச்சிகளின் குடலை இரு மருத்துவர்கள் திறந்தனர். பிரேசிலில் மனிதனைக் கொல்லும் கிருமி இருந்தது. சென்னையில் எலியோடு நின்றுவிடும் கிருமி இருந்தது. அந்தத் தாயின் கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சாகாஸ் கிருமி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. அங்குள்ள காட்டு விலங்குகளிலும் பூச்சிகளிலும் நெடுங்காலமாகச் சுழன்று வருவது. நம் நாட்டில் பூச்சி உண்டு; அந்தக் கிருமியின் சுழற்சி இல்லை. சொல்லப்போனால், வேறெங்கும் இல்லாத ஒரு முத்தப் பூச்சி இனமே இந்தியாவுக்கு உரியதாக உள்ளது. லின்ஷ்காஸ்டியஸ் என்பது அதன் பெயர். ஆறு வகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 2002-இல் தமிழ்நாட்டிலிருந்து விவரிக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் 'கருப்பஸ்'. நம் 'கருப்பு' அறிவியல் ஏட்டில் ஏறியிருப்பதைக் கேட்டு வாசகர்கள் புன்னகைக்கலாம்.

அப்படியானால் கடித்தால் ஒன்றும் இல்லையா என்றால், அதுவும் சரியன்று. இதன் எச்சில் சிலருக்கு ஒவ்வாது. கடித்த இடம் சிவந்து தடித்துப் பல நாள் அரிக்கும். இமையோரம் கடித்தால், அங்கே தோல் மென்மையாதலால் கண்ணே மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கும். வேறு கடிகளுக்கும் இமை அப்படியே வீங்குவதுண்டு. மிகச் சிலருக்கு உடலெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சு முட்டுதல், மயக்கம் என்று ஆபத்தாகவும் முடியலாம். ஹவாய்த் தீவுகளிலும் வியட்நாமிலும் இந்தச் செங்கரைப் பூச்சியின் கடியால் இவ்வாறு நேர்ந்ததுண்டு. அத்தகைய நிலையில் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. மற்றபடி சவர்க்காரத்தால் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி, சொறியாமல் பார்த்துக்கொண்டால் போதும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றைக் கண்ணருகே தடவும் வழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள்.

கண்ட நாவாய்ப்பூச்சியையெல்லாம் நசுக்குவதும் வேண்டா. உடலை வளைத்து மூக்கின் அடியைப் பாருங்கள். பயிரை உறிஞ்சுவதன் அலகு மெலிந்து நீண்டு, நான்கு கணுக்களோடு கால்களுக்கிடையே படிந்திருக்கும். புழுவைக் கொல்லும் உழவர் நண்பனின் அலகு குட்டையாய், தடித்து, வில் போல் வளைந்திருக்கும். இரத்தம் குடிப்பதன் அலகு மெலிந்து, நேராக இருக்கும். உழவர் நண்பனைக் கையில் பிடித்தால் அதுவும் குத்தும். உயிர் போகும் வலி. வலியில்லாமல் கடிப்பது முத்தப் பூச்சியே. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் பூச்சியியல் ஆய்வுப் பிரிவில் பேராசிரியர் டன்ஸ்டன் அம்புரோஸ் பல்லாண்டு இக்கொல்லிப் பூச்சிகளை ஆராய்ந்து, 1999-இல் அவற்றைப் பற்றி ஒரு பெருநூலே எழுதினார். பருத்திக் காய்ப்புழுவைக் குத்திக் கொல்லும் இவற்றை வளர்த்து வயலில் விடலாமா என்பது அவ்வாய்வுகளின் நோக்கங்களுள் ஒன்று. விளக்கொளிக்கு வந்து சுவரில் அமரும் பூச்சிகளில் இவையும் உண்டு; துடைப்பத்தால் தள்ளி வெளியே விட்டால் வயலுக்குப் போய்விடும்.

தென் அமெரிக்க நாடுகள் இப்பூச்சியை எவ்வாறு அடக்கின என்பது நமக்கும் பயனுள்ள செய்தி. தொடக்கத்தில் பி.எச்.சி. முதலிய நஞ்சுகளை அடித்தனர். 1980-களில் பைரித்ராய்டு மருந்துகள் வந்தன. இவற்றைப் பயிற்சி பெற்றவர்கள் அளவறிந்து சுவரில் அடித்தால் மாதக்கணக்கில் வேலை செய்யும். 1991-இல் அர்ஜென்டினா, பொலிவியா, பிரேசில், சிலி, பராகுவே, உருகுவே ஆகிய ஆறு நாடுகள் ஒன்றுகூடி இயக்கம் தொடங்கின. அங்கே முதன்மையான நோய்பரப்பி வீட்டுக்குள்ளேயே வாழப் பழகிவிட்ட வகை. வீட்டில் அழித்தால் திரும்பி வரக் காடு அதற்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே அந்தப் பூச்சியால் நோய் பரவுவது 1997-இல் உருகுவேயிலும், 1999-இல் சிலியிலும், 2006-இல் பிரேசிலிலும் நின்றதாகச் சான்று கிடைத்தது. அர்ஜென்டினாவும் பொலிவியாவும் சேரும் சாக்கோ வறண்ட வெளியில் மட்டும் மருந்துக்குச் சாகாத பூச்சிகள் தலையெடுத்தன. பனைமரத்திலும் காட்டிலும் வாழும் வகைகளோ, மருந்தடித்த வீட்டுக்கே மறுபடியும் வந்தன. அங்கெல்லாம் நிலையான பயன் தந்தது சுவருக்குப் பூச்சு, வெடிப்பில்லாத தரை, புல்லுக்குப் பதில் ஓடு, வீட்டை விட்டுத் தள்ளி வைத்த கோழிக்கூடு. சாகாஸ் நோய் ஏழையின் சுவர் வெடிப்பில் குடியிருந்த நோய். வெடிப்பை அடைப்பவர் எவரோ அவரே அங்கு மருத்துவர்.

கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மண்சுவர் வீடுகள் இன்னும் உள்ளன. 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற குறிக்கோளோடு எட்டு லட்சம் வீடுகள் கட்ட எண்ணியது. விண்ணப்பிக்கத் தகுதியுள்ளோர் ஊராட்சியில் கேட்டறியுங்கள். அதுவரை காத்திராமல், செம்மண்ணும் சாணமும் குழைத்து வெடிப்புகளை அடைக்க ஒரு விடுமுறை நாள் போதும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். விறகு அடுக்கையும் கோழிப் பஞ்சாரத்தையும் படுக்கையறைச் சுவரோரத்திலிருந்து அகற்றுங்கள். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிப் படுத்தால், கொசுவோடு இதுவும் வெளியே நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக எலியை ஒழியுங்கள். செங்கரைப் பூச்சிக்கு அன்றாடச் சோறு போடுவது எலிதான். எலி போனால் பூச்சியும் பெருகாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. நம் பகுதியில் அஞ்சவேண்டிய பூச்சிநோய் சாகாஸ் அன்று. உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ். எலி நடமாடும் புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் அது வருகிறது. கடும் காய்ச்சலும் தலைவலியும் இருந்து, அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருந்தழும்பு காணப்பட்டால், மருத்துவரிடம் அதைச் சுட்டிக்காட்டுங்கள். டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்து அந்த உயிரைக் காக்கும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் கெடும். இவ்வளவு அருகில் உள்ள நோயைப் பற்றிப் படக்காட்சி அனுப்புவார் இல்லை!

மாடு வளர்ப்போர் 'சர்ரா' நோயைக் கேள்விப்பட்டிருக்கலாம். அதுவும் சாட்டைவால் ஒட்டுண்ணியால் வருவதே. மாட்டு ஈ பரப்புவது. அது மனிதரைத் தொற்றாது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2004-இல் மகாராட்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஓர் உழவருக்கு விட்டுவிட்டு வந்த காய்ச்சலில், அவர் இரத்தத்தில் அந்த ஒட்டுண்ணி காணப்பட்டது. சுரமின் என்ற மருந்தால் அவர் குணமடைந்தார். மனித இரத்தத்தில் இயல்பாக இருந்து இக்கிருமியைக் கொல்லும் ஒரு புரதம் அவர் உடலில் பிறவியிலேயே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. நம்மில் மற்றவர்களைக் காத்து நிற்பது அந்தப் புரதமே.

தென் அமெரிக்காவில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பிய துறவியரும் பிறரும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இரத்ததானம் செய்யுமுன் அதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சாகாஸ் பற்றிய ஆய்வு உண்மையிலேயே தேவைப்படுவோர் அவர்கள்தாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு மீண்டும் ஒரு சொல். இமை வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடியவில்லை என்றாலும், காய்ச்சல் கண்டாலும், பையனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பூச்சி மறுபடி வந்தால் கையால் நசுக்காமல், காகிதத்தால் தள்ளி ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்து, உடன் கொண்டு செல்லுங்கள். பெயர் தெரிந்த பூச்சிக்கு மருத்துவம் எளிது. மிச்சமுள்ள மக்காச்சோள மருந்தை வீட்டுக்குள் வைக்காமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.